எதுவும் ஒட்டாதவர்

நகரசபை கொடுத்த தலைமைப் பொறியாளர் பதவியை வேண்டாம் என்று பேராசிரியர் கடைசியாகச் சொன்ன அன்று சாயங்காலத்திலிருந்து அவர் மேல் அழுக்கு ஒட்டவில்லை. அப்போதுதான் மழை விட்டிருந்தது. சந்தைத் தெருச் சாக்கடை வழக்கம்போல நிரம்பி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லாரி அதைக் கிழித்துக்கொண்டு போனதில் ஓரமாக நின்றவர்கள் எல்லோரும் தலைமுதல் கால்வரை கறுப்பாக நனைந்து லாரிக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் மட்டும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு வீடு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், ஊருக்கே நர்ஸம்மா. அவள் முதலில் பார்த்தது அவர் செருப்பை. அதில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை. "வண்டியில வந்தீங்களா?" என்று கேட்டாள். நடந்துதான் வந்தேன் என்றார். அவளுக்குக் கேட்க வேறு கேள்வி இருந்தது. அதன் பதில் அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததால் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் படித்ததும், பாடம் நடத்தியதும், புத்தகம் புத்தகமாக எழுதியதும் சாக்கடையைப் பற்றி. கழிவுநீர் எந்தச் சரிவில் ஓடும், எங்கே தேங்கும், மண்ணுக்குள் கசிந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தெந்த ஊர்க்காரர்களோ சாக்கடை கட்டினார்கள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சாக்கடை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. அப்படிப்பட்ட மனிதர், வீடு தேடி வந்த பதவியை ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சில் திருப்பி அனுப்பினார்: "அது ஒரு சாக்கடை. அதுல நான் கால வைக்கமாட்டேன்." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மச்சானுக்கும் வரவில்லை. சமையலறையில் நின்ற நர்ஸம்மாவுக்கு மட்டும் கையிலிருந்த கரண்டியால் யாரையாவது ஒரு போடு போட வேண்டும்போல் இருந்தது.

மச்சான் என்பது நர்ஸம்மாவின் அண்ணன். நகரசபை உறுப்பினர், யாரையும் பகைத்துக்கொள்ளாமல் காலத்தை ஓட்டியவர், ஆனால் தங்கை வீட்டுக்காரர் மேல் நிஜமான மரியாதை உள்ளவர். ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் புதிதாகப் போடப் போகிறார்கள், அந்த வேலையை விஷயம் தெரிந்த ஒருவர் கையில் கொடுக்காவிட்டால் ஊர் நாறிப்போய்விடும் என்று கெஞ்சிப் பார்த்தார். பேராசிரியர் ஒன்றும் சோம்பல் பட்டுக்கொண்டு மறுக்கவில்லை. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார், இவரைவிடக் கெட்டிக்காரர். நல்லது செய்யலாம் என்று பதவிக்குப் போனார். ஒரு நல்ல பாலம் கட்டுவதற்காக ஒரு தப்பான கையெழுத்துப் போட்டார், அதை மறைக்க இன்னும் நாலு போட்டார், பிறகு எது எதற்கு என்றே தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் செத்தபோது காறித் துப்பாதவர்கள் பாக்கியில்லை. "நல்லவன் ஒருத்தன் உள்ள போனா அவங்க திருந்தமாட்டாங்க, மச்சான். அவன் பேர மூடியாப் போட்டு எல்லாத்தையும் மூடிருவாங்க," என்றார் பேராசிரியர். பதில் சமையலறையிலிருந்து வந்தது: "மூடி இல்லாத சாக்கடையிலதாங்க புள்ளைங்க விழுது." அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தார். மறுநாள் நகரசபைக்கே போய்த் தலைவரிடம் நேராக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சாயங்காலம்தான் லாரி போனது.

விஷயம் சீக்கிரமே ஊருக்குத் தெரிந்தது. சலவைக் கடைக்காரர் அவர் சட்டைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் துவைக்க ஒன்றும் இல்லை என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார். காலேஜ் பிள்ளைகள் பந்தயம் கட்டி அவர் மேல் மை தெளித்தார்கள். மை உருண்டு தரையில் விழுந்தது. சோப்புக் கம்பெனிக்காரர்கள் வந்து, சோப்பே தேவைப்படாத ஒருவரை வைத்து எப்படி விளம்பரம் எடுப்பது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடங்கள் அவரை மேடையேற்றிக் கை சுத்தமானவர் என்று கொண்டாடின. எல்லாரையும்விட அதிகமாகக் கொண்டாடியவர் நகரசபைத் தலைவர். ஒதுங்கி நிற்கிற பெரிய மனிதரைப் பாராட்டுவதில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, நிம்மதிதான். கூட்டத்துக்குக் கூட்டம் "வாழ்ந்தா புரொபசர் மாதிரி வாழணும்" என்று வாய் கிழியப் பேசிவிட்டு, பதவியைத் தன் மைத்துனருக்குக் கொடுத்தார்.

மைத்துனர் அதுவரை மேசை நாற்காலி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். எதற்கெடுத்தாலும் சுண்ணாம்பு போடச் சொல்வார். நாறினால் சுண்ணாம்பு, புழு வந்தால் சுண்ணாம்பு, மந்திரி வந்தால் ரோட்டோரம் இரண்டு கோடு சுண்ணாம்பு. அதுவே பெயராக நிலைத்துவிட்டது. சுண்ணாம்புக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு குழாய்க்கு எதற்கு இரண்டு பள்ளம்? ஒரே பள்ளத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். சபை கைதட்டியது. அண்ணனும் தட்டினார். "எல்லாரும் தட்டுறப்போ நான் மட்டும் எப்படிம்மா தட்டாம இருக்கிறது?" என்று பிறகு தங்கையிடம் கேட்டார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பேராசிரியர் அந்தச் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் பேப்பரில் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நர்ஸம்மா சாகும்வரை மறக்கப்போவதில்லை. "முதல் வருஷத்துப் பாடம் இது. குடிதண்ணி மேல தனியாப் போகணும், கழிவு கீழ தனியாப் போகணும். ஒண்ணாப் போட்டா மூணு மழை தாங்காது." போய்ச் சொல்லுங்களேன் என்றாள். "கேட்டா சொல்லலாம். கேக்காதவன்கிட்ட போய் என்னத்துக்கு?" என்றார். "கேட்டாங்களே! வீடு தேடி வந்து கேட்டாங்களே!" என்று அவள் கத்தினாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனார். மணலும் கரியும் கூழாங்கல்லும் அடுக்கி, அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு வடிகட்டி கட்டினார். பிரமாதமான வடிகட்டி. அதிலிருந்து வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

அதற்குள் அழுக்கோடு சேர்த்து மற்றதும் ஒட்டாமல் போயிருந்தது. சாக்பீஸ் விரலில் நிற்காமல் வழுக்கியது. பேனா வழுக்கியதால் எழுத்து நின்றது. காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி உரிந்து விழுந்தது. வயிறாரச் சாப்பிட்டார், ஆனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. கன்னம் குழிவிழுந்து, வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்குவதுபோல் அவர் மேல் தொங்கியது. பழைய மாணவர்கள் வந்தால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஒட்டாமல் எழுந்து போனார்கள். அவருக்கும் நர்ஸம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை, அதற்காக ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டதும் இல்லை. கோபம் எவ்வளவு இருந்தாலும் வாசலில் வழியனுப்பும்போது அவர் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுத்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஒரு நாள் காலையில் அந்தக் கை அவள் பிடியிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்தாள், மறுபடியும் நழுவியது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேரமாகிவிட்டது என்று சொல்லி அவள் கிளம்பிவிட்டாள்.

மூணு மழை தாங்காது என்றார், இரண்டே தாங்கவில்லை. குழாய் இணைப்புகள் விட்டுப்போய், பக்கத்தில் படுத்திருந்தது பக்கத்தில் படுத்திருந்ததோடு கலந்தது. முதலில் தண்ணீரில் லேசான வாடை; சுண்ணாம்பு சுண்ணாம்பைக் கொட்டினார். பிறகு வார்டு நிரம்பியது. ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், பிறகு மூன்று, பிறகு வராந்தாவில் தரையில். வயிற்றால் போய்ப் போய்க் கண் உள்ளே போன குழந்தைகள். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸம்மா பிஞ்சுக் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தெருவிலேயே இருந்த தையல்காரம்மாவின் ஒரே மகள், போன மாதம் நர்ஸம்மாவின் யூனிபாரத்துக்குப் பட்டன் எடுத்துக் கொடுத்த குட்டி, அவள் கையில்தான் செத்தது. தையல்காரம்மா அழவில்லை. "தண்ணி காய்ச்சித்தாம்மா குடுத்தேன். ஒரு நாள்தான் கேஸ் தீந்துபோச்சு. ஒரே ஒரு நாள்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். எத்தனை பிள்ளைகள் போயின என்பதில் ஆஸ்பத்திரி சொன்னதும் தெரு சொன்னதும் ஒத்துப்போகவில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவனுக்குத் தெருக்கணக்கில்தான் நம்பிக்கை.

அன்று நர்ஸம்மா வீட்டுக்கு வந்தபோது பேராசிரியர் மெலிந்த முகத்தை நிமிர்த்தி, "நான் அப்பவே சொன்னேன்," என்றார். பெருமைக்குச் சொல்லவில்லை, அவர் குரல் உடைந்துதான் இருந்தது. ஆனால் சொன்ன வார்த்தை அதுதான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "யார்கிட்ட சொன்னீங்க? என்கிட்ட சொன்னீங்க! நான் என்ன பண்றது அத வச்சுக்கிட்டு? ஊசியில ஏத்தவா?" என்று கேட்டாள். "தெரியாதவன் பண்ணான், அவன் முட்டாள். நீங்க தெரிஞ்சு பண்ணீங்க. உங்களுக்கு என்ன பேரு?" அவர், உள்ளே போயிருந்தால் தன்னையும் அவர்களோடு சேர்த்து நாறடித்திருப்பார்கள் என்று ஆரம்பித்தார். "நாறட்டுமே!" என்றாள். மேசைமேல் இருந்த வடிகட்டித் தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்த்தாள். தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய், தெருக் குழாயைத் திறந்து, பிடித்து, அவர் கண் முன்னால் குடித்தாள். "இனிமே எனக்கு இந்தத் தண்ணிதான். நீங்க சுத்தமா இருங்க." இன்னொரு தம்ளரும் குடித்தாள். இது தியாகமெல்லாம் இல்லை. வேறு எதைச் செய்தாலும் அவருக்கு உறைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் கும்பிட்டுப் பார்த்தார், குழாயின் குறுக்கே போய் நின்று பார்த்தார். அவள் அவரை ஒதுக்கிவிட்டுப் பிடித்தாள். ஒதுக்குவது சுலபமாக இருந்தது, கைபட்டாலே வழுக்கி நகர்ந்துவிட்டார். வேலைக்குப் போவதும் வருவதும் தெருத் தண்ணீரைக் குடிப்பதுமாக இருந்தவள், ஒரு மத்தியானம் சமையலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி. பேராசிரியர் அவளைத் தூக்கப் பார்த்தார். முதுகுக்கடியில் கை கொடுத்தார், வழுக்கியது. தோளைப் பிடித்தார், வழுக்கியது. துண்டால் சுற்றி இழுத்துப் பார்த்தார். துண்டும் அவர் கையில் நிற்கவில்லை. எத்தனையோ ஊர்களுக்கு வழி சொன்ன மனிதர், சொந்தப் பெண்டாட்டியைத் தரையிலிருந்து தூக்க முடியாமல், வாசலில் போய் நின்று ஊரைக் கூப்பிட்டார். அண்ணன்தான் ஓடி வந்து தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பேராசிரியர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நகரசபைக்குப் போனார்.

தலைவர் எதிர்பார்த்ததுபோலத்தான் வரவேற்றார். பதவி தருகிறேன், முழு அதிகாரமும் தருகிறேன், ஊரையே தோண்டிக்கொள்ளுங்கள் என்றார். ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். போட்ட குழாயில் பழுதில்லை, இந்த நோய் வெயிலால் வந்தது என்று. அதில் வேறு யார் கையெழுத்துப் போட்டாலும் ஊர் நம்பாது. எதுவும் ஒட்டாத புரொபசர் போட்டால் நம்பும். சுண்ணாம்பு பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பேராசிரியர் அந்தக் காகிதத்தைத் தன் சட்டைப்பையில் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு நேராக வார்டுக்குப் போனார். பிள்ளைகளுக்கு நடுவே கட்டிலில் கிடந்த நர்ஸம்மா அதை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "நான் சொன்ன மூடி இதுதான்," என்றார் அவர். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. "போடலேன்னா எப்ப தோண்டுவாங்க?" என்று கேட்டாள். தோண்டமாட்டார்கள் என்றார். "போடுங்க," என்றாள்.

பேனா அப்போது கையில் நின்றது. கையெழுத்துப் போட்டதும் கட்டைவிரலில் மை ஒட்டியது, அது பிறகு போகவே இல்லை. மறுநாள் அவர் பள்ளத்தில் இறங்கினார். பிரித்த முதல் இணைப்பிலிருந்து வந்தது அத்தனையும் அவர் மேல் ஒட்டிக்கொண்டது. எந்தச் சோப்பாலும், சுடுதண்ணீராலும், சுண்ணாம்பின் சுண்ணாம்பாலும் அதைக் கழுவ முடியவில்லை. அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு பூச்சு. தெருத் தெருவாகத் தோண்டி, குடிதண்ணீரை மேலேயும் கழிவைக் கீழேயுமாகப் பிரித்துப் போட்டார். வேலை முடியும்போது அவர் சட்டை என்ன நிறம் என்று யாருக்கும் நினைவில்லை. நாற்றம் அவருக்கு முன்னால் நடந்தது. சபைக் கூட்டத்தில் அவருக்கு ஜன்னலோரம் இரும்பு நாற்காலி போட்டார்கள். போன வருஷம் மேடையேற்றியவர்கள் இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, பதவி வந்ததும் எப்படி மாறிப்போனார் பார் என்றார்கள். கமிஷன் வாங்குகிறார் என்றார்கள், அதுவும் ஒட்டியது. சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டிக் கன்னத்தில் சதை வைத்தது. ஊர்ப் பணத்தில் கொழுக்கிறார் என்றார்கள். அந்த வெட்கங்கெட்ட ஊர் இத்தனையையும் அவர் பிரித்துப் போட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் பேசியது.

வார்டு காலியானது. நர்ஸம்மா எழுந்து நடமாடி வேலைக்குத் திரும்பினாள். சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். முதல் சில நாள் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சேர்ந்து சுண்ணாம்பின் மேலும் தலைவர் மேலும் போட்ட வழக்கு மறு வருஷம் தள்ளுபடியானது. பேராசிரியரின் கையெழுத்தைக் காட்டித்தான் தள்ளினார்கள். சுண்ணாம்பு கோர்ட் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பேராசிரியர் பயந்தது அப்படியே நடந்தது. நர்ஸம்மா சொன்னதும் அப்படியே நடந்தது. இரண்டில் எது சரி என்று கேட்டு வருகிறவர்களுக்கு இந்த ஊரில் யாரும் பதில் சொல்வதில்லை, முறைப்பார்கள்.

தீர்ப்பு வந்த மத்தியானம் தையல்காரம்மா பேராசிரியர் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் தெருமுனைப் பள்ளத்திலிருந்து அள்ளிய சேறு. கதவைத் திறந்தது நர்ஸம்மா. அவர் இல்லையா என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள் நர்ஸம்மா.

"அந்தக் காகிதத்துல அவர்தான் கையெழுத்துப் போட்டாரா?"

"ஆமா."

"பொய்யின்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான். போடச் சொன்னது நான்."

தையல்காரம்மா ஒரு படி மேலே ஏறினாள். "உன் கையிலதானேம்மா எம்புள்ள போச்சு," என்றாள். பிறகு கையிலிருந்ததை அவள் மேல் எறிந்தாள். கழுத்திலும் தோளிலும் அப்பியது. நர்ஸம்மா துடைக்கவில்லை, நகரவும் இல்லை. தையல்காரம்மா வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, ஒரு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். குரல் கட்டிப்போய், தொண்டை வறண்டு, கடைசியில் அவள் தண்ணீர் கேட்டாள். நர்ஸம்மா தெருக் குழாயைத் திறந்து தம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு முழுவதும் குடித்துவிட்டு, தம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சேறு நர்ஸம்மாவின் கழுத்தில் இன்றும் இருக்கிறது. வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து இது என்ன என்று கேட்பார்கள். சேறு என்று சொல்லிவிட்டு அவள் ஊசியை எடுப்பாள்.